செல்லாயி பெயரில் வந்த கூடைகள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நம் செல்லாயியை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில், கீழே விழுந்து உடைந்த இடுப்பில் கம்பி வைத்த நிலையில் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். கொழுந்தன் பவித்ரனும் ஓரகத்தி தினேஸ்வரியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, உங்கள் வெண்டிச் செடிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று வாக்குக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

செடிகள் போய்விட்டன.

செல்லாயி விழுந்து சில நாட்களுக்குள் இலைகளில் மஞ்சள் நரம்பு ஓடியது. ஒரு வரிசையில் பார்த்தது மறுநாள் நான்கு வரிசைக்குப் பரவியது. விட்டு வைத்தால் பக்கத்திலேயே இருக்கும் தினேஸ்வரியின் பாத்திகளும் போகும். பவித்ரன் ஒரு நாள் முழுக்கப் பிடுங்கிப் போட்டுக் கொளுத்தினான். கொளுத்திவிட்டு வந்து, இதை அண்ணியிடம் யார் சொல்வது என்று மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் சொல்லவில்லை.

ரப்பர் மரங்களை வெட்டி, பாதி நிலத்தில் வீடுகள் கட்டியது போக மிச்சம் கிடந்த பழைய தோட்டத்து நிலத்தில்தான் இந்தக் குடும்பங்கள் குத்தகைக்கு வெண்டி போட்டிருந்தார்கள். காய் ஜெலாப்பாங்கில் இருக்கும் பேக்கிங் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர்க் கடைகளுக்குப் போகிறது. ஒவ்வொரு கூடையிலும் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் போட்ட ஒரு ஸ்டிக்கர். லோரிக்காரர் சீனி அதன் மேல் போனைக் காட்டினால் போதும், யார் காய், எந்த மண், எப்போது பறித்தது, எல்லாம் ஒரு வரியாகப் பதிந்துவிடும். அதே வரி அதே நொடியில் கம்பெனியிலும், பூச்சிமருந்துச் சோதனை செய்யும் இடத்திலும், சிங்கப்பூரிலும் ஏறிவிடும். ஒருவர் தன் பக்கத்தில் அழித்தாலும் மற்ற எல்லாரிடமும் அது இருக்கும். ஆகவே யாராலும் அழிக்க முடியாது. பிளாக்செயின் என்று கம்பெனிப் பெண் பிரதீபா வந்து படம் போட்டு விளக்கினாள். நம் ஆட்கள் அதைச் சுருக்கி 'செயின்' என்றார்கள். அடகு வைக்க முடியாத செயின் என்றான் பவித்ரன்.

செல்லாயிக்கு அந்த ஸ்டிக்கர் பெரிய விஷயம். தோட்டத்துப் பேரேட்டில் அவள் காலமெல்லாம் 'பத்துமலை சம்சாரம்'. கணவன் பத்துமலை இறந்த பிறகு நிலக் குத்தகையிலும் அவன் பெயர்தான் முன்னால் நின்றது. உலகத்தில் 'செல்லாயி' என்று மட்டும் அச்சான முதல் பொருள் அந்த ஸ்டிக்கர்தான். முதல் ஸ்டிக்கரை அவள் கூடையில் ஒட்டவில்லை, வீட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டினாள்.

ஆனால் கம்பெனியின் விதி கறாரானது. இரண்டு வாரம் தொடர்ந்து ஒருவர் பெயரில் காய் வராவிட்டால் பெயர் நீங்கிவிடும். வெளியே காத்திருப்பவர்கள் பலர். ஒருமுறை போன இடம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

தினேஸ்வரி யோசிக்கவே இல்லை. கொட்டகையில் ஆளுக்கொரு ஆணியில் ஸ்டிக்கர் சுருள்கள் தொங்கும். தன் காயில் நிரப்பிய கூடையைத் தூக்கி வைத்தாள், செல்லாயியின் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து ஒட்டினாள். தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர்ப் பால் வெட்டிய காலத்தில் ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்தால், அக்கம்பக்கத்து வரிசைக்காரிகள் தங்கள் பாலில் கொஞ்சம் அவள் வாளியில் ஊற்றி அவள் பெயரைக் காப்பாற்றி வைப்பார்கள். தினேஸ்வரியின் அம்மாவுக்கு அப்படி ஊற்றினார்கள். தினேஸ்வரி பிறந்ததே அந்த ஊற்றலில்தான். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் காலையில் பிரதீபா போன் செய்யும் வரைக்கும்.

பிரதீபாவின் குரலில் சந்தோஷம் தளும்பியது. சிங்கப்பூரில் ஒரு கடையைச் சேர்ந்தவர்கள் பல ஊர்க் காய்களை எடுத்துச் சோதித்தார்களாம். செல்லாயி அக்காவின் ஒரு கூடை எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருந்ததாம். சனிக்கிழமை அவர்களே நேரில் வந்து அக்காவின் நிலத்தைப் பார்க்கிறார்களாம், படம் எடுத்துப் பாக்கெட்டில் போடப்போகிறார்களாம். அக்காவின் போன் கிடைக்கவில்லை, நீங்கள் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டாள்.

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, தினேஸ்வரி வெண்டிப் பாத்திக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் செல்லாயியின் நிலம் கரிந்து கிடந்தது.

பவித்ரன் வந்து விஷயம் கேட்டான். முதலில் சிரித்தான். பிறகு, அவர்களுக்கு எது யார் நிலம் என்று தெரியவா போகிறது, நம் பாத்தியையே காட்டிவிடலாம் என்றான்.

"ஆளுக்கு என்ன செய்வீங்க?"

"நீ ஒரு நாளைக்குச் செல்லாயியா இருந்துட்டுப் போ. வாயி மட்டும் கொஞ்சம் பெருசா வச்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவு செய்யும்போது பிரதீபா ஒவ்வொருவர் நிலத்தையும் போனைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து எல்லையைப் பதித்ததை அவனுக்கு நினைவுபடுத்தினாள். அதுவும் செயினில்தான் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறவர்கள் கரிந்த மண்ணில்தான் வந்து நிற்பார்கள். அக்காவின் பெயர் அன்றைக்கே போய்விடும், அதுவும் பொய்க்காரி என்ற பட்டத்தோடு.

"அதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடலாங்க."

"யாருகிட்ட?"

"மொதல்ல அக்காகிட்ட. பேரு அவங்களுதுதானே."

பவித்ரன் வேனை எடுக்கப் போனான்.

பார்வையாளர் நேரத்துக்கு வார்டில் நல்ல கூட்டம். செல்லாயி தலையணையில் சாய்ந்துகொண்டு, அடுத்த கட்டில் மலாய்க்கார அம்மாவை மாக்சி, மாக்சி என்று கூப்பிட்டுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய வெண்டி, நீள வெண்டி, சிங்கப்பூர் போகும் வெண்டி. தினேஸ்வரி கேட்டுக்கொண்டே கட்டிலருகே வந்தாள்.

கொண்டுவந்த ரசம் சோற்றைத் திறந்து வைத்தாள். செல்லாயி ஒரு வாய் வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தாள்.

"வெளிய நிக்கிற பெரிய மனுசன வரச் சொல்லு. என்னமோ செஞ்சுட்டுத்தான் நிக்கிறான். சின்னதுலேருந்தே அப்படித்தான், செஞ்சா வாசல்ல நிப்பான்."

பவித்ரன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். தினேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்க செடி இல்லக்கா."

மேலே காற்றாடி சுற்றியது. செல்லாயி அதையே பார்த்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். தினேஸ்வரி மஞ்சள் நரம்பைச் சொன்னாள், கொளுத்தியதைச் சொன்னாள். கணவன் பெயரை முன்னால் தள்ளாமல் 'நாங்கள் கொளுத்தினோம்' என்றே சொன்னாள்.

"பேங்குல காசு வந்திருக்குன்னு ஷாமினி பார்த்துச் சொன்னாளே?" ஷாமினி அவள் மகள், தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்த நாட்களில் ரயிலேறி அம்மாவைப் பார்க்க வந்துவிடுவாள்.

"எங்க காயிக்கா. உங்க ஸ்டிக்கர ஒட்டி அனுப்பிட்டேன். பேரு போயிடக்கூடாதுன்னு."

செல்லாயி சோற்றுக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். பிறகு அடுத்த கட்டில் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன்டி, அந்த மாக்சிக்கிட்ட மூணு வேளையும் எஞ்செடி, எஞ்செடின்னு அளந்துக்கிட்டு இருந்தேன். அது பூரா உஞ்செடியா?"

தினேஸ்வரி தலையாட்டினாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செல்லாயி அவள் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெண்டிச் சுணை ஏறி, விரலிடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஒருவர் பறிக்கிற காய்க்கு இப்படித் தடிக்காது. இரண்டு பேர் காயை ஒருத்தி பறித்த கை அது. செல்லாயி தன் கட்டைவிரலால் அந்தத் தடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சிங்கப்பூர்க்காரர்கள் வரப்போவதையும் தினேஸ்வரி சொல்லி முடித்தாள். கம்பெனிக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறோம், உங்களிடம் கேட்காமல் போக மனசில்லை என்றாள்.

"போயிச் சொல்லு. பேரு போனாப் போவட்டும்லா. நான் எந்திரிச்சு வந்து வேற வேல பார்த்துக்குவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "போவாம இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் தினேஸ்வரியை ஜெலாப்பாங் வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது.

கம்பெனியின் குளிர்க் கிடங்குக்கு மேலே பிரதீபாவின் சின்ன அறை. யாழ்ப்பாணத்து வம்சத்துப் பெண், ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சு கொஞ்சம் திருத்தமாக இருக்கும், மனசு இளகியது. தினேஸ்வரி சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து காலைச் சந்தோஷம் வடிந்துபோனது.

"அக்கா, இதை என்னால அழிக்க ஏலாது. நானில்லை, முதலாளியாலகூட ஏலாது."

அழிக்க வேண்டாம் என்றாள் தினேஸ்வரி. அப்படியானால் என்ன செய்யலாம் என்று பிரதீபா கொஞ்சம் யோசித்தாள். பழைய வரி அப்படியே நிற்கும். அதன் கீழே புதிதாக ஒரு வரி எழுதலாம், இந்தக் கூடை உண்மையில் இன்னாருடையது என்று. எழுதியவர் பெயரும் சேர்ந்து நிற்கும். எல்லாரும் பார்ப்பார்கள், சிங்கப்பூரும் பார்க்கும்.

"பார்க்கட்டும்."

பிரதீபா திரையைத் திருப்பி வைத்தாள். செல்லாயி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் பெயரில் வந்த கூடைகளை வரிசையாகக் காட்டினாள். தினேஸ்வரி விரல் வைத்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பவித்ரனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள்.

அவள் ஒட்டியது ஆறு. திரையில் பதினொன்று இருந்தது.

"நீங்க ஒட்டினீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான் கொட்டகைப் பக்கமே போவலயே."

சிங்கப்பூர்க்காரர்கள் மெச்சிய கூடை எது என்று பிரதீபா தேடிக் காட்டினாள். அது தினேஸ்வரி காய் கொண்டுபோகாத ஒரு நாளில் வந்திருந்தது. அவளுடையதே அல்ல.

செல்லாயியின் பெயரைத் தான் ஒருத்திதான் தூக்கிச் சுமப்பதாகத் தினேஸ்வரி நினைத்திருந்தாள். கூட யாரோ தோள் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாததால் நன்றி சொல்லவும் வழியில்லை, இப்போது அதுவே வினையாகவும் நிற்கிறது.

பிரதீபா உள்ளதைச் சொன்னாள். இன்று மாலை அவள் கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்துக்கு இந்த விஷயத்தை எழுதியே ஆகவேண்டும். பதினொரு கூடைக்கும் உரியவர்கள் தாங்களே முன்வந்து எழுதிவிட்டால், காய் எங்கே விளைந்தது என்பதில் ஒளிவு இல்லை, நோயாளிக்காகச் செய்தது, பெயரை வைத்திருங்கள் என்று அவளால் மன்றாட முடியும். ஒரே ஒரு கூடைக்கு ஆள் இல்லாவிட்டாலும், எந்த மண் என்று தெரியாத காய் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது என்று ஆகிவிடும். அப்போது அவள் என்ன சொன்னாலும் எடுபடாது. செல்லாயியின் பெயர் நீங்கிவிடும்.

"சுசாலா மிஸ்" என்றான் பவித்ரன். கஷ்டம்தான் என்று பிரதீபாவும் ஒத்துக்கொண்டாள். சீனி கொட்டகையில் கூடைகளை ஏற்றிக் கிளம்பும்வரை காத்திருக்கிறேன் என்றாள்.

தினேஸ்வரி தன் ஆறு கூடைக்கும் அங்கேயே உட்கார்ந்து தமிழில் எழுதினாள்: இது என் நிலத்துக் காய். செல்லாயி அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதால் அவர் பெயர் போகாமலிருக்க நான் ஒட்டினேன். தினேஸ்வரி.

சாயங்காலம் கொட்டகையில் எல்லாரும் கூடைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பிரதீபாவும் வந்திருந்தாள். தினேஸ்வரி தராசுக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, கும்பிட வந்திருக்கிறேன் என்றாள். எழுதினால் எழுதியவர் பெயர் என்றென்றைக்கும் அங்கே நிற்கும் என்பதையும் சொன்னாள்.

ஒருவர் காய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மாரியம்மாதான் முதலில் வந்தாள். இரண்டு கூடை தன்னுடையது என்றாள். செல்லாயியின் ஆணியில் சுருள் தூசி படிந்து தொங்கியதைப் பார்க்க மனசு கேட்கவில்லையாம். நவமணி பின்னால் நின்று, தனக்கும் இரண்டு என்று விரலைக் காட்டினாள். மாரியம்மாவுக்குக்கூட அது தெரியாது. இத்தனைக்கும் இருவரும் ஒரே வேனில் வருகிறவர்கள்.

"சொல்லியிருந்தா சேர்ந்தே போட்டிருப்போமே" என்றாள் மாரியம்மா.

"சொன்னா நீ ஊர் பூரா சொல்லுவே."

சிரிப்பு எழுந்தது. இருவரும் எழுதினார்கள். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி. சிங்கப்பூர் மெச்சிய அந்த ஒன்று.

தினேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சீனி லோரியைத் திருப்பி நிறுத்தினார். கூடைகள் ஏறத் தொடங்கின. பிரதீபா நேரத்தைப் பார்த்தாள்.

கடைசியாகக் கூடை ஏற்றியவர் பழனியப்பன். செல்லாயியின் நிலத்துக்கு மேட்டுப் பக்கத்து நிலம் அவருடையது. தண்ணீர்க் கால்வாய் யாருக்குச் சேர்ந்தது என்று இரண்டு பேரும் பஞ்சாயத்து, போலீஸ் ரிப்போர்ட் வரைக்கும் போனவர்கள். அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வாசல் மிதித்ததில்லை. ஆகவே தினேஸ்வரி அவர் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யார் பக்கமும் பார்க்காமல் கேட்டார்.

"அவகிட்ட சொல்லாம எழுத முடியுமா?"

முடியாது என்றாள் பிரதீபா, மெதுவாக. எல்லாரும் படிக்கலாம், செல்லாயி அக்காவும் படிக்கலாம்.

பழனியப்பன் திரும்பி நடந்தார். மோட்டார் சைக்கிள் வரைக்கும் போனார். ஓடிப் போய்க் காலில் விழலாமா என்றுகூடத் தினேஸ்வரி நினைத்தாள். ஆனால் மானம் பார்க்கிற மனிதரை நெருக்கினால் இன்னும் தூரம் போவார் என்று அவளுக்குத் தெரியும். இருந்த இடத்திலேயே நின்றாள்.

"அண்ணே, எழுதினாலும் எழுதாட்டியும் அது நீங்க போட்ட கூடைதான். அதுக்கு நான் கும்பிட்டுக்கிறேன்."

அவர் அங்கேயே நின்றார். சீட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம். பிறகு திரும்பி வந்து போனை வாங்கினார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். சீனி லோரியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பிரதீபா அங்கே இருந்தபடியே கோலாலம்பூரைக் கூப்பிட்டாள். வெளியே புல்லில் நடந்துகொண்டே ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறிப் பேசினாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. பெயரை இப்போதைக்கு எடுக்கமாட்டார்கள். ஆனால் சிங்கப்பூர்க்காரர்கள் வருவதை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை செல்லாயி அக்காவின் நிலத்தில் நாற்று நிற்கவேண்டும். நின்றால் பெயர் நிற்கும்.

நாற்று கிடைக்கும். நடக் கை இருக்கிறது. தண்ணீர்? வழக்கில் நிற்கும் அந்தக் கால்வாயிலிருந்துதான் வரவேண்டும் என்பது எல்லார் முகத்திலும் ஓடியது. பழனியப்பன் தன் கூடைக்கயிற்றை அவிழ்த்துச் சுற்றுவதும் மறுபடி அவிழ்ப்பதுமாக இருந்தார்.

தினேஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வேலை முடிந்து வந்திருந்த ஷாமினி எடுத்து அம்மாவின் காதருகே வைத்தாள். இரைச்சலில் கேட்கவில்லை என்று தினேஸ்வரி தன் போனின் ஒலியைக் கூட்டினாள். பெயர் இருக்கிறது அக்கா என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. பதினொரு கூடை, நான் மட்டும் இல்லை அக்கா என்று சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மாரியம்மா பெயருக்கு ஐயோ என்றாள் செல்லாயி. நவமணி பெயருக்கு, அந்தப் புள்ளைக்கே வீட்டில் கஷ்டமாயிற்றே என்றாள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

கடைசி வரியைத் தினேஸ்வரி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"இந்தக் கூடை என்னுடையது. கால்வாய் வழக்கு அப்படியே இருக்கிறது. பழனியப்பன்."

போனில் ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தினேஸ்வரி திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்த பழனியப்பன் சாவியைத் திருப்பாமல் அப்படியே இருந்தார்.

"அக்கா?"

"இருக்கேன்டி." என்றாள் செல்லாயி. "அந்தக் கடைசிய இன்னொரு தடவ படி."